மூன்றாம் நாள் ஞானிகளுக்கு ஒரு பாராட்டுரை

காஞ்சி மண்ணில் வஞ்சப்புகழ்ச்சி செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதியமானின் தூதராக வந்த ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். நெய் பூசி மாலை சூட்டிக் காவலில் வைத்திருந்த வேல்களை வாயாரப் பாராட்டினார். எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருத்தமும் பட்டுக்கொண்டார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. பாராட்டு முடிந்தபோது தொண்டைமானுக்கு முகம் எங்கே போயிற்று என்று உரைகாரர்கள் எழுதவில்லை.

எனக்கு அரண்மனைக் கொட்டிலுக்கெல்லாம் அனுமதி கிடைக்காது. காய்ச்சலுக்குப் போகிற எவரும் எட்டிப் பார்க்கக்கூடிய அரசு மருந்து அலமாரி ஒன்று போதும். என்ன ஒழுங்கு அதில்! குளோரோகுயின் ஒரு பக்கம், பிரைமாகுயின் ஒரு பக்கம். பால்சிபாரம் என்னும் பொல்லாத மலேரியாவுக்கு மூன்று நாள் கூட்டு மருந்து, வயதுக்கு ஒரு நிறத்தில் அட்டை போட்டு: கைக்குழந்தைக்கு இளஞ்சிவப்பு, 1 முதல் 4 வயதுவரை மஞ்சள், 5 முதல் 8 வரை பச்சை, 9 முதல் 14 வரை சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை. விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கக் காசு கிடையாது. மாத்திரைக்கும் கிடையாது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு, மருந்தை வாங்கிச் சேமித்து ஊர் ஊருக்கு அனுப்பும் வித்தையை நம்மைப் பார்த்துத்தான் பிற மாநிலங்கள் கற்றன. இதில் வஞ்சம் எதுவும் இல்லை, நேரான புகழ்ச்சிதான். வேல் கூர்மையாக இருக்கிறது. 14 நாள் களத்தில் நிற்க ஆள்தான் இல்லை.

14 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டி ஓயும். வளர்ந்தவர்களுக்குக் குளோரோகுயின் முதல் நாள் 4 மாத்திரை, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. கூடவே பிரைமாகுயின், தினம் 15 மில்லிகிராம், 14 நாள். முதலாவது ரத்தத்தில் திரியும் கிருமியைக் கொல்லும். காய்ச்சல் இறங்குவது அதனால்தான். இரண்டாவது, கல்லீரலுக்குள் சத்தமில்லாமல் உறங்குகிற கிருமிக்கு. ஒருகாலத்தில் நம் நாட்டுத் திட்டமே பிரைமாகுயினை 5 நாள்தான் கொடுத்தது. அது போதவில்லை என்று கண்டு 14 ஆக்கினார்கள். மக்கள் அதையும் ஆராய்ந்து பார்த்து 3 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கிருமியைப் பாராட்டாமல் போனால் நன்றி கெட்டதனம் ஆகும். இவ்வளவு பேர் சம்பந்தப்பட்ட இந்த ஏற்பாட்டில் சொன்ன சொல் தவறாமல் நடந்துகொள்கிற ஒரே ஆசாமி அதுதான். வாரக் கணக்கில் படுத்திருக்கும், சமயத்தில் மாதக் கணக்கிலும். பஸ்ஸைத் தவறவிடாது. பதிவேட்டில் பெயர் விட்டுப்போயிற்றே என்று கோபித்துக்கொள்ளாது. “நாளைக்குப் போட்டுக்கலாம்” என்று நோயாளி சொல்வதைக் கேட்டபடியே கிடந்துவிட்டு, எல்லோரும் மறந்த ஒரு நாளில் எழுந்து வரும். அப்போது வீட்டில், “போன தடவை கவர்மெண்டு மாத்திரை போட்டும் நிக்கல, இந்தத் தடவை தனியார்ல பார்த்துடலாம்” என்பார்கள். கிருமிக்கு நல்ல பெயர், மாத்திரைக்குக் கெட்ட பெயர்.

இனி நம் ஞானிகள். மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விடுகிறது. நாலாம் நாள் காலையில் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து கேட்கிறார். “காய்ச்சல்தான் வுட்டுடுச்சே சிஸ்டர், இன்னும் எதுக்கு மாத்திரை? உடம்பு சூடாவுது, வயித்தைப் பிசையுது” என்கிறார் காய்ச்சல்கார அக்கா. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். நோய் இருந்தால் மருந்து. நோய் போனால் மருந்தும் போகட்டும். உடம்பில் ஒன்றும் தெரியாத நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உறங்குகிற ஒன்றுக்காக, வயிற்றைப் பிசையும் மாத்திரையை இன்னும் 11 நாள் விழுங்கச் சொல்வது யாருக்கும் விளங்காத வேதாந்தம். ஞானி அதை நிராகரிக்கிறார்.

சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். பிரைமாகுயின் 7.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் 14 நாளைக்கு 28. மூன்று நாளில் 6 போக, மீதி 22. அரசாங்கத்துச் சொத்து வீணாகலாமா? அது டப்பாவுக்குப் போகிறது. அடுத்த ஆடியில் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று. ஊரே ஒரு மருந்தகமாகிவிடுகிறது, சீட்டும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக்கூடாது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் கடுங்காப்பி நிறத்துக்குக் கொண்டுபோகும். டப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. டப்பா எல்லோரையும் சமமாக நடத்தும்.

ஞானிகளைப் பார்த்துச் சிரித்தாயிற்று. ஆனால் அவர்களுடைய கணக்கு வேறு ஒன்றும் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் பழையதைக் குடித்துவிட்டு ஓடுகிறவருக்கோ, டீயும் பொறையுமாகப் பதினோரு மணிவரை ஓட்டுகிறவருக்கோ ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பது எந்த மணி? மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். 2021 முதல் அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மை. கட்டணமில்லாத பேருந்து எப்போது வரும் என்பது வேறு விஷயம். இலவச மாத்திரையின் விலையை நோயாளி கூலியில் கொடுக்கிறார். அந்த விலை எந்தச் சீட்டிலும் அச்சாகவில்லை.

மருந்துக் கடைகளின் சேவையை விரித்தால் விரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். “காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க” என்றால் போதும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதியாக உடைத்த ஒன்று, எல்லாம் ஒரே காகிதப் பொட்டலத்தில், வேளைக்கு ஒன்றாக. ரத்தம் எடுக்கிற வலியில்லை, என்ன நோய் என்று தெரிகிற வேதனையும் இல்லை. அதற்கும் அடங்காவிட்டால் மாலை நேரக் கிளினிக். அங்கே ஊசி. கேட்டால் குளுக்கோஸ் பாட்டிலும் உண்டு. ஊசி போடாத டாக்டர் டாக்டரா என்று கேட்கிற ஊரில், ரத்தத் தடவல் எடுத்துப் பார்த்துவிட்டு 14 நாளைக்குச் சீட்டு எழுதுகிறவர் எப்படிப் பிழைப்பார்? அவரவர் ஊரின் விருப்பத்தைப் பூர்த்தி செய்கிறார்கள். ஜனநாயகத்தில் அது குற்றமா?

ஜனநாயகம் என்றதும் உத்திரமேரூர்க்காரர்களுக்கு நெஞ்சு நிமிரும். நிமிரட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை விதிகளை வெட்டி வைத்த ஊர். வாரியத்தில் உட்கார வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் தகுதி இழப்பான், அவனோடு அவன் உறவினர்களும் இழப்பார்கள்.

ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்த விதிகளின் ஆவி நம் மலேரியாச் சிகிச்சையில் குடியிருப்பதைக் கண்டு நான் மெய்சிலிர்த்தேன். முதலில், வீடு. உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும், வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் வேலை செய்கிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. மலேரியா இன்னும் அதிகமாகத் தங்கியிருக்கும் மாநிலங்கள் அவை. அவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். கொட்டகைக்குக் கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை. முகவரிக் கட்டத்தில் “குவாரி” என்று எழுதினால் முடிந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கிய மாநிலம் இது. பெருமைதான். ஆனால் தேடிப் போக ஒரு வாசல் வேண்டுமே. குடவோலைக்கு அன்று வீடு கேட்டார்கள், மாத்திரைக்கு இன்று கேட்கிறோம்.

மொழிச் சிக்கலை நாம் தீர்த்துவைத்த விதமும் பாராட்டுக்குரியது. ஒடியா மட்டும் தெரிந்தவரிடம் தமிழில்தான் விளக்குகிறோம், கொஞ்சம் சத்தமாக. சத்தமாகச் சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் தமிழ் புரியும் என்பது நம் நெடுநாள் நம்பிக்கை. “பதினாலு நாள்” என்பதற்குப் பத்து விரலையும் விரித்து, மூடி, மறுபடி நாலு விரல். அவர் தலையாட்டுகிறார். பத்து மாத்திரையா, நாலு மாத்திரையா, பத்து மணிக்கு நாலா, எதற்குத் தலையாட்டினார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். கையில் ஒரு காகித உறை. பால்சிபாரத்துக்கு ஐந்து நிறத்தில் அட்டை அச்சடிக்க முடிந்தவர்களுக்கு, வைவாக்ஸ்காரருக்கு 14 கட்டம் போட்ட ஒரு அட்டை அச்சடித்து, நாளுக்கு ஒரு கட்டம் அடித்துக்கொள் என்று கொடுக்க மனம் வராதது அவர்களுடைய எளிமையைக் காட்டுகிறது.

அப்புறம் மேஸ்திரி. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டிவந்தவர். யாருக்குக் காய்ச்சல், யார் இன்று கல் அறுக்க வரவில்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். மாவட்டத்துத் தொற்றுநோய்க் கண்காணிப்பு முழுவதும் அவருடைய ஒரு பாக்கெட் நோட்டில் அடங்கிவிடும். அதில் வராத நாளுக்குச் சிவப்புக் கோடு. கோடு ஏறினால் கடன் ஏறும். ஆகவே காய்ச்சல்காரர் நாலாம் நாளே எழுந்து நிற்கிறார், மருத்துவ அற்புதம்! வேலை முடிந்தாலோ, வேறு இடத்தில் ஆள் தேவைப்பட்டாலோ, ஆறாம் நாளிலோ ஒன்பதாம் நாளிலோ லாரி வரும். தட்டுமுட்டுச் சாமானோடு கல்லீரலில் உறங்குகிற கிருமியும் ஏறிக்கொள்ளும். மீதி மாத்திரை மட்டும் கொட்டகைக் கூரையில் செருகியபடி நிற்கும். கிருமியின் போக்குவரத்துச் செலவையும் முதலாளியே ஏற்கிறார். இப்படி ஒரு தாராளம் எந்தத் தொழிலில் உண்டு?

இரண்டாவது விதி, கணக்கு. கணக்குக் காட்டாதவன் சுற்றத்தோடு தகுதி இழந்த நாட்டில், கணக்கு மட்டும் தப்பாது. பதிவேட்டைப் பாருங்கள். எந்த ஊர்ப் பதிவேடு என்று கேட்காதீர்கள், எந்த ஊரையும் எடுத்துக்கொள்ளலாம். ரத்தத் தடவல் எண், எடுத்த தேதி, முடிவு வந்த தேதி, மாத்திரை கொடுத்த தேதி, கொடுத்த எண்ணிக்கை, கடைசியில் ‘முழுச் சிகிச்சை’ என்று ஒரு கட்டம், அதில் ஒரு சரி அடையாளம். 28 மாத்திரை கையில் விழுந்த அந்த நொடியிலேயே சிகிச்சை முழுமை பெற்றுவிடுகிறது. விழுங்குவது பிற்பாடு நடக்கிற சடங்கு. நோயாளி லாரியில் போய்க்கொண்டிருப்பார், பதிவேட்டில் குணமாகியிருப்பார். இதைச் செய்கிற கீழ்மட்டச் சுகாதாரப் பணியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். டெங்கு வந்தால் அவர்தான், தடுப்பூசி முகாம் என்றால் அவர்தான், தொட்டியில் புழு பார்க்கவும் அவர்தான். ஒருவரை 14 இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒருவர் வீட்டுக்கு 14 நாள் ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு நெஞ்சில் துணிவு வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு அந்தத் துணிவு இருக்கிறது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலை ஒட்டி நடந்த ஆதுலர் சாலையின் வரவு செலவு அதில் உண்டு. படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனித்து மருந்தடும் பெண்கள் இருவர். ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு விவரமில்லாதவர்கள் பாருங்கள்! 15 படுக்கைக்கு மருந்தடும் பெண்கள் இருவர் என்று ஆளை வைத்துச் சம்பளத்தையும் கல்லில் எழுதினார்கள். மருந்து தானே நடந்துபோய் வாயில் ஏறிக்கொள்ளும் என்ற நவீன உண்மை அவர்களுக்கு எட்டவில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு எட்டியது. நீலகிரியின் நடுவட்டத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் எடுத்தார்கள். காலணாப் பொட்டலமாகக் கட்டி அஞ்சல் நிலையத்தில் குயினைன் விற்கும் ஏற்பாடு 1892இல் வங்காளத்தில் தொடங்கிப் பிற மாகாணங்களுக்கும் வந்தது. கடிதம் வாங்கப் போனவன் காய்ச்சலுக்கும் வாங்கி வந்தான். அவன் அதை முறையாக விழுங்கினானா என்று அஞ்சல்காரர் போய்ப் பார்க்கவில்லை. நாம் காலணாவை நீக்கிவிட்டோம், மற்றதெல்லாம் மரபுப்படி.

“இப்போது எங்கே ஐயா மலேரியா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிட மாட்டேன், நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஆண்டுக்குப் பல ஆயிரம் பேராக இருந்த எண்ணிக்கை இப்போது சில நூறாக இறங்கிவிட்டது. அதிலும் நீண்டகாலமாகப் பெரும்பங்கு சென்னையுடையது. உத்திரமேரூர் வட்டாரத்துக்கு அது வேலைக்கு வருகிறவர்களோடும், வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களோடும் வருகிற விருந்தாளி. விருந்தாளிக்கு வேண்டிய வசதிகள் எல்லாம் இங்கே தயார். மழைத்தண்ணீர் நின்ற குவாரிப் பள்ளங்கள் அனாபிலஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்கு. மூடாத மேல்நிலைத் தொட்டிகளும் கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீரும் அனாபிலஸ் ஸ்டீபென்சிக்கு. கல்லீரலில் கிருமியோடு ஒருவர், கடிக்க ஒரு கொசு, அவ்வளவுதான் மூலதனம்.

எண்ணிக்கை குறைந்ததும் நிம்மதியாகக் கண்ணயர்வதில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு. விடுதலை பெற்ற நாளில் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் தேசியத் திட்டம் வந்தது. 1965இல் 1 லட்சம் பேராகக் குறைந்தது. வெற்றி விழாவுக்குப் பந்தல் போடாத குறைதான். 1976இல் 64 லட்சம். இலங்கை நம்மையும் விஞ்சியது. 1963இல் அங்கே மொத்தம் 17 பேர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக் கணக்கில். இரண்டு இடத்திலும் காரணங்கள் பல. கொசு டிடிடிக்குப் பழகிப்போனது, பணம் குறைந்தது. கடைசிச் சில நோயாளிகளைப் பெரிதாக எண்ணாமல் விட்டதும் அவற்றில் ஒன்று. பிறகு இலங்கைக்காரர்கள் எங்கள் ரசனையைக் கெடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் பெயர் சொல்லித் தேடிப் போனார்கள், போர் நடந்த பகுதிகளிலும் போனார்கள். 2012க்குப் பிறகு 2016 வரை உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. நாம் 2030 என்று தேதி குறித்திருக்கிறோம். தேதி குறிப்பதில் நம்மை யாரும் முந்த முடியாது.

ஒரே வேளையில் முடிகிற மருந்தும் வந்துவிட்டது, டபெனோகுயின். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைக் கொடுப்பதற்கு முன் ஜி6பிடி அளவைச் சோதிக்க வேண்டும். 14 கட்டம் போட்ட அட்டைக்கே காத்திருக்கிற இடத்தில் அந்தச் சோதனைக் கருவிக்கும் காத்திருக்கலாம், நமக்கென்ன அவசரம்.

இவ்வளவு பேரையும் பாராட்டிய பிறகு மாவட்டக் கூட்டங்களில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைப் பாராட்டாமல் விட முடியாது: “நோயாளிகள் மாத்திரையை முழுசா எடுத்துக்கறதில்லை.” அந்த ஒரு வாக்கியத்தில் குவாரி மறைகிறது, லாரி மறைகிறது, மேஸ்திரியின் நோட்டு மறைகிறது, விரித்த பத்து விரல் மறைகிறது, காலிப் பணியிடமும் மறைகிறது. மிஞ்சுவது தகரக் கொட்டகையில் ஒருவரும் அவருடைய சோம்பலும்தான்.

பதிவேட்டில் புதுக் கட்டம் சேர்ப்பது நமக்குக் கைவந்த கலையாகையால் ஒரே ஒரு கட்டம் கேட்கிறேன். ‘முழுச் சிகிச்சை’க்குப் பக்கத்தில், 14ஆம் நாள் மாத்திரை யார் முன்னால் விழுங்கப்பட்டது என்று ஒரு பெயர். செவிலியரின் பெயராக இருக்கலாம், மகளிர் குழு அக்காவின் பெயராக இருக்கலாம், மேஸ்திரியின் பெயராகவே இருந்தாலும் சரி. அந்தப் பெயருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு சிறு தொகை. ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சடித்த ஓர் அட்டை.

சூளையும் குவாரியும் நடத்துகிற ஐயாமார்களுக்கும் ஒரு வார்த்தை: குளிர் காய்ச்சல் கண்டவரை முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இடம் மாற்றி அனுப்புவதானால், லாரி கிளம்பும் முன் மீதி மாத்திரையை எண்ணி அவர் கையில் கொடுங்கள்.